டில், அன்டில்: எது மூத்தது, எது சரி?

ஆங்கிலத்தில் 'வரை' என்று பொருள்தரும் 'டில்', 'அன்டில்' ஆகிய இரு சொற்களைப் பற்றி வாசகர்கள் தனித்தனியே அனுப்பிய கேள்விகள் பல சேர்ந்துவிட்டன. அவற்றில் ஆறு கேள்விகளுக்கு இந்த இதழில் விடை தருகிறோம்.

கேள்வி: 'டில்' என்பது 'அன்டில்' என்பதன் பேச்சுவழக்குச் சுருக்கம் என்றும், தேர்வில் அதை எழுதக் கூடாது என்றும் என் மகளுக்குப் பள்ளியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். இது உண்மையா? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உண்மையன்று. 'டில்'தான் மூத்த சொல். 'அன்டில்' அதன் முன்னால் ஓர் உறுப்பைச் சேர்த்துப் பிற்காலத்தில் உருவானது; இரண்டுக்கும் இடையே நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. எழுத்து நடையில் 'டில்' வருவது பிழையாகாது. பேச்சில் அது மிகுதியாகவும் எழுத்தில், குறிப்பாக வாக்கியத்தின் தொடக்கத்தில், 'அன்டில்' மிகுதியாகவும் வருகின்றன என்பது மட்டுமே வேறுபாடு. உங்கள் மகள் தயங்காமல் இரண்டையும் எழுதலாம்.

சொல்லின் பிறப்பைப் பார்க்க, இங்கிலாந்தின் வடபகுதியில் அன்றிருந்த நார்தம்பிரியா அரசுக்குப் போக வேண்டும். இன்று விட்பி எனப்படும் கடற்கரை ஊரில், ஹில்டா என்னும் பெண் துறவி 657 முதல் 680 வரை ஒரு மடத்தை நடத்திவந்தார். அந்த மடத்தில் மாடு மேய்த்த கேட்மன் என்னும் எழுத்தறியாத மனிதர் இறைவனின் படைப்பைப் புகழ்ந்து ஒரு பாடல் பாடினார் என்று, 731இல் தம் லத்தீன் வரலாற்று நூலை முடித்த பீட் என்னும் துறவி எழுதியிருக்கிறார். அந்த நூலின் மிகப் பழைய படிகளுள் ஒன்று, ஏறத்தாழ 737ஆம் ஆண்டைச் சேர்ந்தது, இப்போது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் கேட்மனின் ஒன்பது அடிப் பாடல் வடநாட்டு ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டுள்ளது. 'இறைவன் மனிதரின் மக்களுக்கு வானத்தைக் கூரையாகப் படைத்தான்' என்று பொருள்படும் இடத்தில், 'கூரையாக' என்பதற்கு அங்கே 'டில் ஹ்ரோவே' என்று இருக்கிறது. இதே பாடலைத் தென்னாட்டு வழக்கில் எழுதிய பிற்காலப் படிகளில், அதே இடத்தில் 'டோ ஹ்ரோவே' என்று மாறியிருக்கிறது. தெற்கத்தியார் 'டு' என்ற இடத்தில் வடக்கத்தியார் 'டில்' என்றார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இங்கே 'டில்' காலத்தைக் குறிக்கவில்லை. நம் நான்காம் வேற்றுமையைப் போல நோக்கத்தைக் குறிக்கிறது.

இன்னொரு பழைய சான்று கல்லில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் தென்பகுதியில் ரூத்வெல் என்னும் சிற்றூர்த் தேவாலயத்துக்குள் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் உயரமுள்ள ஒரு கற்சிலுவை நிற்கிறது. பெரும்பாலான அறிஞர்கள் அதை 8ஆம் நூற்றாண்டினது என்பர். 17ஆம் நூற்றாண்டின் சமயப் பூசலில் அது உடைத்துத் தள்ளப்பட்டது. ஹென்றி டங்கன் என்னும் போதகர் துண்டுகளைத் தேடிச் சேர்த்து 1823இல் மீண்டும் நிறுத்தினார். அதன் விளிம்புகளில் 'ரூன்' என்னும் பழைய வடபுல எழுத்துகளால் ஒரு கவிதையின் பகுதிகள் செதுக்கப்பட்டுள்ளன. சிலுவையே பேசுவதாக அமைந்த அந்தக் கவிதையில், 'மேன்மக்கள் தொலைவிலிருந்து விரைந்து, தனித்திருந்த அவரிடம் வந்தார்கள்' என்று கிறிஸ்துவைப் பற்றி ஓர் இடம் வருகிறது. 'அவரிடம்' என்பதற்கு அங்கே செதுக்கியிருப்பதும் 'டில்' தான். இங்கே அது திசையையும் சேரும் இடத்தையும் காட்டுகிறது.

பல அகராதிகள் 'டில்' என்பதை, ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் கொண்டுவந்த, அவர்களது பழைய நார்ஸ் மொழிச் சொல் என்று மட்டும் எழுதி முடித்துவிடுகின்றன. எனக்கு அது முழு விடையாகத் தோன்றவில்லை. லிண்டிஸ்ஃபார்ன் மடத்தை வைக்கிங்குகள் சூறையாடியது 793இல். அவர்களுடைய பெரும்படை இங்கிலாந்தில் இறங்கியது 865இல். யார்க் நகரம் வீழ்ந்தது 866இல். அவர்கள் நார்தம்பிரிய நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டு உழவு தொடங்கியது 876இல். கேட்மனின் பாடலை எழுதிய கை இவை அனைத்துக்கும் முற்பட்டது. ஆகவே வடநாட்டு ஆங்கிலத்தில் இச்சொல் முன்பே இருந்தது என்றும், அதே சொல்லை அதே பொருளில் நாள்தோறும் வழங்கிய நார்ஸ் மொழிக் குடியேறிகள் வந்து சேர்ந்ததால் அது வலுப்பெற்று நாடெங்கும் பரவியது என்றும் கொள்வதே பொருத்தம். கேட்மன் வாழ்ந்த ஊருக்கே 'விட்பி' என்ற இன்றைய பெயர் அந்தக் குடியேறிகள் இட்டதுதான். 'பி' என்ற ஈறு அவர்கள் மொழியில் குடியிருப்பைக் குறிக்கும்.

காலப்பொருள் எப்போது வந்தது என்பதற்கு, பீட்டர்பரோ மடத்துத் துறவிகள் எழுதிவந்த ஆண்டுக்குறிப்பு நல்ல சான்று. 1154ஐ ஒட்டி எழுதப்பட்ட அதன் கடைசிப் பகுதியில், ஸ்டீஃபன் மன்னர் ஆக்ஸ்ஃபர்டில் சால்ஸ்பரி, லிங்கன் ஆயர்களையும் அரசவைச் செயலரையும் பிடித்து, 'அவர்கள் தங்கள் கோட்டைகளை ஒப்படைக்கும் வரை' எல்லாரையும் சிறையில் வைத்தார் என்ற செய்தி வருகிறது. அந்த 'வரை' என்பது 'டில்'. இன்று ஓர் ஆங்கில நாளிதழில் வந்தாலும் மாற்ற வேண்டாத அளவுக்கு அதே பொருள், அதே இடம். இந்த வாக்கியத்தில் இன்னொன்றையும் கவனித்தேன். 'அவர்கள்', 'தங்கள்' என்பவற்றுக்கு இன்று ஆங்கிலத்தில் வழங்கும் 'தே', 'தேர்' ஆகியவை நார்ஸ் மொழியிலிருந்து வந்தவை. 'ஒப்படைக்கும்' என்ற இடத்தில் வரும் 'கிவ்' என்பதன் வல்லின ஒலியும் அந்த மொழியின் செல்வாக்கே. ஆனால் அந்தத் துறவி இம்மூன்றுக்கும் பழைய ஆங்கில வடிவங்களையே எழுதியிருக்கிறார். அவை இன்னும் அவரது பேனாவுக்கு வந்து சேரவில்லை. 'டில்' மட்டும் வந்துவிட்டது. அதற்கு முன் 'வரை' என்ற பொருளில் தென்னாட்டார் எழுதிவந்த 'ஓத்' என்னும் பழஞ்சொல் மெல்ல வழக்கொழிந்துபோயிற்று.

'அன்டில்' 1200ஐ ஒட்டி, இதே வடபகுதி எழுத்துகளில் தோன்றுகிறது. அதன் முதல் உறுப்பான 'அன்' என்பதை 'அன்ஹாப்பி' முதலிய சொற்களில் வரும் எதிர்மறை முன்னொட்டு என்று எண்ணிவிடக் கூடாது. அது 'வரை' என்றே பொருள்பட்ட 'உண்ட்' என்னும் நார்ஸ் உறுப்பு. ஆகவே 'அன்டில்' என்ற சொல்லில் இரண்டு அசைகளும் ஒரே பொருளைத் தருகின்றன. நன்னூலார் 'ஒருபொருட் பன்மொழி' என்று பெயரிட்டதும், உரைகாரர்கள் 'மீமிசை ஞாயிறு' என்று எடுத்துக்காட்டியதும் இதுவே. அங்கே மீ, மிசை இரண்டும் மேல் என்னும் பொருளினவே. பின்னர் 'டில்' இருந்த இடத்தில் தென்னாட்டு 'டு' என்பதை வைத்து 'அன்டு' என்ற சொல்லையும் ஆக்கிக்கொண்டார்கள். ஆங்கில விவிலியத்தின் 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பைப் படித்தவர்களுக்கு அது நன்கு பழகிய சொல்.

கேள்வி: 'டில்' என்பதில் இரண்டு 'எல்', 'அன்டில்' என்பதில் ஒன்று. ஏன் இந்த முரண்? சிலர் முன்னால் ஒரு மேற்குறி இட்டு ஒற்றை 'எல்' எழுதுகிறார்களே?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: குற்றுயிருக்குப் பின் 'எல்' வந்து முடியும் ஓரசைச் சொற்களில் அதை இரட்டிப்பது ஆங்கில எழுத்து மரபு: 'ஹில்', 'வில்', 'ஃபில்', 'ஸ்டில்'. அத்தகைய சொல் இன்னொன்றோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்போது ஒரு 'எல்' விழுந்துவிடுவதும் மரபே. 'ஃபுல்' தனியே இரண்டு 'எல்' பெறும், 'யூஸ்ஃபுல்' என்பதில் ஒன்றுதான். 'ஆல்' தனியே இரண்டு, 'ஆல்வேஸ்' என்பதில் ஒன்று. மேற்குறியுடன் எழுதுவது, 'டில்' ஏதோ ஒன்றின் சுருக்கம் என்ற தவறான எண்ணத்தில் பிற்காலத்தார் தொடங்கியது. பாடல் வரிகளிலும் விளம்பரங்களிலும் அது நிலைத்துவிட்டாலும் கட்டுரையில் எழுதாதிருப்பது நல்லது.

கேள்வி: 'பஸ் ஸ்டாண்ட் வரை நடந்தேன்' என்பதற்கு 'ஐ வாக்டு டில் த பஸ் ஸ்டாண்ட்' என்று எழுதினேன். 'வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டுகிறேன்' என்பதற்கு 'ஐ வில் பே டில் ஃபிரைடே' என்று எழுதினேன். இரண்டையும் அலுவலகத்தில் திருத்திவிட்டார்கள். காரணம் விளங்கவில்லை.
– தனியார் நிறுவன ஊழியர், திருச்சி

பதில்: திருத்தியது சரிதான், ஆனால் இரண்டுக்கும் காரணம் வெவ்வேறு.

முதல் வாக்கியத்தில் தமிழின் 'வரை' உங்களை அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது. நம் 'வரை' இடத்துக்கும் காலத்துக்கும் பொது: மதுரை வரை, மாலை வரை. ஆங்கிலத்தின் 'டில்' ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ரூத்வெல் சிலுவையில் அது இடப்பொருளில் நிற்பதை மேலே சொன்னேன். ஸ்காட்லாந்தின் நாட்டு வழக்கில் இடப்பொருள் நெடுங்காலம் நீடித்தது. ஸ்வீடன் நாட்டு ரயில் நிலையத்தில் 'ஸ்டாக்ஹோமுக்கு' என்று குறிக்க இன்றும் 'டில் ஸ்டாக்ஹோம்' என்றே எழுதுகிறார்கள். பொது ஆங்கிலத்திலோ இடத்தை 'டு' முழுமையாக எடுத்துக்கொண்டது, 'டில்' காலத்துக்கு மட்டும் உரியதாகச் சுருங்கியது. ஆகவே நீங்கள் 'டு' என்றோ, தூரத்தை வலியுறுத்த வேண்டுமானால் 'ஆஸ் ஃபார் ஆஸ்' என்றோ எழுத வேண்டும். ஒரே ஒரு விலக்கு உண்டு. 'மதுரை வரும் வரை பேருந்தைவிட்டு இறங்காதே' என்ற கருத்தில் 'டில் மதுரை' என்பது பொருந்தும்; அங்கே ஊர்ப்பெயர் அந்த ஊரை அடையும் நேரத்துக்கு நிற்கிறது.

இரண்டாவது பிழை வினையின் இயல்பைப் பொறுத்தது. 'டில்' வரும்போது, செயலோ நிலையோ குறித்த நேரம் வரை இடையறாது தொடர வேண்டும்: காத்திருத்தல், தூங்குதல், வேலை பார்த்தல், திறந்திருத்தல். பணம் கட்டுவது ஒருமுறை நடந்து முடிவது. அதற்குக் காலக்கெடுவைக் குறிக்கும் 'பை' வேண்டும். தமிழில் இந்த வேறுபாடு மிகத் தெளிவாக இருக்கிறது. 'வெள்ளிக்கிழமை வரை' என்று மனத்தில் வந்தால் 'டில்', 'வெள்ளிக்கிழமைக்குள்' என்று வந்தால் 'பை' என்று கொண்டால் பெரும்பாலும் தவறாது. 'ஐ வில் பே டில் ஃபிரைடே' என்று எழுதினால், வெள்ளிக்கிழமை வரை நாள்தோறும் பணம் கட்டிக்கொண்டே இருப்பீர்கள் என்று படிப்பவர் எடுத்துக்கொள்ளக்கூடும்.

கேள்வி: 'நீ சொல்லாத வரை நான் போகமாட்டேன்' என்பதை 'அன்டில் யூ டோண்ட் டெல் மீ' என்று பெயர்த்தால் ஏன் பிழை?
– ஆங்கில ஆசிரியை, ஈரோடு

பதில்: மிக நுட்பமான இடம் இது, வகுப்பில் இதற்குத் தனியே நேரம் ஒதுக்குவது பயன்தரும். தமிழில் 'நீ சொல்லும் வரை போகமாட்டேன்' என்றாலும், 'நீ சொல்லாத வரை போகமாட்டேன்' என்றாலும் விளைவு ஒன்றே. முதல் வாக்கியம் சொல்லும் கணத்தை எல்லையாகக் காட்டுகிறது. இரண்டாவது, சொல்லாமல் இருக்கும் காலம் முழுவதையும் காட்டுகிறது. நம் 'வரை' எல்லைப்புள்ளியையும் குறிக்கும், அந்த எல்லைக்கு உட்பட்ட காலப்பரப்பையும் குறிக்கும். ஆங்கிலத்தின் 'அன்டில்' எல்லைப்புள்ளியை மட்டுமே குறிக்கும். ஆகவே அதன்பின் வரும் வினை, உண்மையில் நிகழப்போகும் நிகழ்ச்சியாக, உடன்பாட்டில் இருக்க வேண்டும்: 'அன்டில் யூ டெல் மீ'. காலப்பரப்பைச் சொல்ல விரும்பினால் 'ஆஸ் லாங் ஆஸ் யூ டோண்ட் டெல் மீ' என்று எழுதலாம். இந்தி பேசுவோரும் ஆங்கிலத்தில் இதே பிழையைச் செய்வதுண்டு. அவர்கள் மொழியிலும் இவ்விடத்தில் எதிர்மறை வருகிறது.

முதன்மை வினை எதிர்மறையாக இருக்கும்போது இன்னொரு வேறுபாடும் உண்டு. 'ஐந்து மணி வரை அவர் வரவில்லை' என்று தமிழில் சொன்னால், அதன்பின் வந்தாரா இல்லையா என்பது வெளிப்படையாகவில்லை. 'ஹி டிட் நாட் கம் டில் ஃபைவ்' என்று ஆங்கிலத்தில் சொன்னாலோ, ஐந்து மணிக்கு வந்துவிட்டார் என்றே பெரும்பாலும் கொள்வார்கள். 'ஐந்து மணிக்குத்தான் வந்தார்' என்பதே அதற்கு நெருங்கிய தமிழ். மொழிபெயர்ப்பில் நான் அடிக்கடி காணும் பிழைகளுள் இது ஒன்று. சாட்சியின் வாக்குமூலம் போன்ற இடங்களில் இது பொருளையே மாற்றிவிடும் என்பதால் மிகுந்த கவனம் வேண்டும்.

கேள்வி: நாங்கள் பேச்சில் 'இண்டைக்கு மட்டும் கடிதம் வரேல்லை' என்போம், தமிழ்நாட்டு நண்பர்கள் இதை 'இன்றைக்கு மாத்திரம்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். 'டில்' என்பதற்கும் இப்படி வேறு பொருள்கள் உண்டா? கடைக் கல்லாவையும் நிலத்தை உழுவதையும் அதே சொல்லால் சொல்கிறார்களே?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: உங்கள் 'மட்டும்' பழமையானது, பிழையற்றது. 'மட்டு' என்பது அளவு, எல்லை என்னும் பெயர்ச்சொல். அது காலத்தின் எல்லையைக் குறித்தால் 'வரை' என்றும், பொருளின் எல்லையைக் குறித்தால் 'மாத்திரம்' என்றும் ஆகிறது. 'வரை' என்பதும் கோடு, எல்லை என்னும் பெயர்ச்சொல்லே. 'டில்' பிறந்த விதமும் இதுதான். ஜெர்மன் மொழியில் இலக்கு, முடிவு என்று பொருள்படும் 'ட்ஸீல்' என்னும் பெயர்ச்சொல் அதன் உறவினம். ஐஸ்லாந்து மொழியில் 'ஐஸ்லாந்துக்கு' என்று சொல்ல, 'டில்' என்பதன் பின்னே 'ஐஸ்லாந்தின்' என்ற உடைமை வேற்றுமை வடிவத்தைத்தான் வைக்கிறார்கள். 'ஐஸ்லாந்தின் இலக்கில்' என்பது போன்ற ஒரு தொடரே தேய்ந்து இப்படி ஆயிற்று என்பதை இந்த வேற்றுமை உருபு இன்றும் காட்டிக்கொடுக்கிறது.

உழுதலைக் குறிக்கும் வினையும் இதே வேரினது. பழைய ஆங்கிலத்தில் 'டிலியன்' என்பது ஓர் இலக்கை நோக்கி முயலுதல், உழைத்து ஈட்டுதல் என்று பொருள்பட்டு, பிறகு நிலத்தில் உழைத்தலுக்கு உரியதாயிற்று. கல்லாப்பெட்டிக்கு இவற்றோடு தொடர்பில்லை; ஒலி ஒத்திருப்பது தற்செயல்.

கேள்வி: எங்கள் அலுவலக ஆங்கில அறிவிப்பில் 'அன்டில் 10 ஜூன்' என்று இருந்தது. தமிழில் 'ஜூன் 10 வரை' என்று பெயர்த்தேன். பத்தாம் தேதி வந்த விண்ணப்பத்தை ஏற்கலாமா கூடாதா என்று விவாதம் எழுந்துவிட்டது. எது சரி?
– அரசு அலுவலர், விழுப்புரம்

பதில்: உங்கள் தமிழைப் படித்தவர் பத்தாம் தேதியும் சேரும் என்றே எண்ணியிருப்பார், அப்படி எண்ணியதில் தவறில்லை. சிக்கல் ஆங்கில மூலத்தில் இருக்கிறது. 'அன்டில்' என்பதோடு ஒரு தேதி வரும்போது, அந்த நாள் சேருமா என்பதை அச்சொல் தானாக முடிவு செய்வதில்லை. நீதிமன்றங்களும் இதற்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே பொருளைக் கொள்ளாமல், ஆவணத்தின் சூழலையும் எழுதியவரின் நோக்கத்தையும் கொண்டே முடிவு செய்கின்றன. மணியைச் சொல்லும்போது இந்த ஐயம் எழுவதில்லை, ஏனெனில் மாலை 5 மணி என்பது ஒரு புள்ளி. தேதி என்பதோ தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு முழுநாள்.

இதை முன்கூட்டியே உணர்ந்துதான் இந்தியாவின் 1897ஆம் ஆண்டு பொது விதிகள் சட்டம் தன் 9ஆம் பிரிவில் ஒரு வழி வகுத்திருக்கிறது. மத்தியச் சட்டங்களில் ஒரு நாள் வரிசையின் முதல் நாளை விலக்க 'ஃப்ரம்' என்ற சொல்லும், கடைசி நாளைச் சேர்க்க 'டு' என்ற சொல்லும் போதும் என்பது அந்தப் பிரிவு. அங்கே 'டில்' என்றோ 'அன்டில்' என்றோ குறிப்பிடாததைக் கவனியுங்கள். ஆங்கில ஆவணம் எழுதுவோர் ஐயமற இருக்க வேண்டிய இடத்தில் 'அப் டு அண்ட் இன்க்ளூடிங்' என்று எழுதுகிறார்கள். அமெரிக்கர்கள் 'த்ரூ' என்ற சொல்லால் கடைசி நாளைச் சேர்த்துவிடுகிறார்கள்.

தமிழில் நமக்கு நல்ல சொற்கள் உள்ளன. 'ஜூன் 10 முடிய' என்று அலுவலகத் தமிழில் எழுதும் வழக்கம் மிகச் சரியானது; பத்தாம் தேதி முடிந்தால்தான் காலக்கெடு முடியும் என்பதை அது ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. நாளைச் சேர்க்கக் கூடாது என்றால் 'ஜூன் 10ஆம் தேதிக்கு முன்' என்று எழுதுங்கள். நேரமும் முக்கியமானால் 'ஜூன் 10, மாலை 5.45 மணி வரை' என்று எழுதிவிடுவது நல்லது. இந்த முறை எழுந்த விவாதத்தைப் பொறுத்தவரை, இருவகையாகவும் படிக்கத்தக்க அறிவிப்பை வெளியிட்டது அலுவலகம் என்பதால், பத்தாம் தேதி வந்த விண்ணப்பங்களை ஏற்பதே விண்ணப்பித்தவர்களுக்குச் செய்யும் நியாயம் என்பது என் கருத்து.